ஒட்டுக்குப் பக்கத்தில் விட்ட விரிசல்

முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது முதுகுக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. மரப்பெட்டிக்குள் தேங்காய் ஒன்று உருண்டு மோதுகிற மாதிரி இருக்கும். வாங்கிய புதிதில் எப்போதாவது கேட்டது. ஒரு குளிர்காலம் முழுக்கக் காரை மூடி வைத்திருந்துவிட்டு மார்ச்சில் எடுத்தபோது ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டது.

கார் 1971இல் செய்த டிரையம்ப் டி.ஆர்.6 என்ற ஸ்போர்ட்ஸ் கார். நான் இருப்பது இங்கிலாந்தின் கவன்ட்ரியில், காரும் கவன்ட்ரியில் பிறந்ததுதான். கான்லி என்ற பகுதியில் இருந்த ஆலையிலிருந்து 1968 முதல் 1976 வரை இந்த மாடலில் 90,000-க்கும் மேல் வெளியே போயின. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. 1980இல் அங்கே கார் பூட்டுவதே நின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் வீடுகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் அப்பா ஓட்டியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதே டிரையம்ப் ஹெரால்டைத்தான் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் செய்தார்கள். அப்பாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒரு சின்னச் சுத்தியலால் சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு 'கணீர்' என்னும், உள்ளே துரு தின்ற இடம் 'பொத்' என்னும். டி.ஆர்.6 வாங்கப் போனபோது நானும் அப்படித்தான் தட்டிப் பார்த்தேன். நீளச் சட்டங்கள் எல்லாம் கணீர் என்றன. ஆனால் கை எட்டாத இடத்தைத் தட்ட முடியாதே. விரிசல் இருந்தது அங்கேதான்.

டொக் சத்தத்துக்கு எல்லோரும் முதலில் சொல்வது கிராஸ் ஜாயின்ட், சுழலும் ஷாஃப்ட்களை இணைக்கும் மூட்டு. என்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ரெண்டு, சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்களில் நாலு, மொத்தம் ஆறு. ஆறையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. அடுத்து டிஃப்ரன்ஷியலை, அதாவது அந்தச் சுழற்சியை ரெண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியை, தாங்கும் ரப்பர் புஷ்கள். அவற்றைக் கழற்றத்தான் அடியில் படுத்தேன். வலது முன்பக்கத்துப் புஷ்ஷின் நட்டில் ஸ்பானரை வைத்து லேசாக அழுத்தினேன். நட்டு திரும்பவில்லை, அது மாட்டியிருந்த முளையே ஆடியது.

இந்தக் காரில் டிஃப்ரன்ஷியல் நாலு இரும்பு முளைகளில் தொங்குகிறது. முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு. முளைகள், சேஸிக்குக் குறுக்கே பாலம் மாதிரி போகிற சட்டங்களில் வெல்டிங் வைத்த சின்னத் தகட்டுக் கிண்ணங்களில் நிற்கின்றன. கிண்ணம் என்று சொன்னாலும் அது முழுக்க மூடியது அல்ல, ஒரு பக்கம் திறந்தே இருக்கும். தகடும் மெல்லிசு. கிண்ணத்தின் ஓரத்தில் வெர்னியர் வைத்து அளந்தேன், 2 மி.மீ. கூட வரவில்லை.

அது ஏன் போதாமல் போனது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் இந்த சேஸி 1965இல் டி.ஆர்.4ஏ என்ற காருக்காக வந்தது. சக்கரத்தைத் தாங்கும், அலுமினியத்தில் வார்த்த சாய்ந்த கை, அதன் மேல் காயில் ஸ்பிரிங் என்கிற அந்த ஏற்பாட்டை டிரையம்ப் 2000 என்ற குடும்பக் காரிலிருந்து எடுத்தார்கள். அமெரிக்க டீலர்களுக்கு அந்தச் செலவில் விருப்பமில்லை. அவர்களுக்காகவே பழைய ஒற்றை அச்சு வைத்த வடிவமும் செய்யப்பட்டது. டி.ஆர்.4ஏவில் இருந்தது நாலு சிலிண்டர், 2,138 சி.சி., சுமார் 104 குதிரைத்திறன். ரெண்டே வருடத்தில், 1967இல், அதே சேஸியில் ஆறு சிலிண்டர் 2,498 சி.சி. என்ஜினைப் பெட்ரோல் இன்ஜெக்ஷனோடு வைத்து டி.ஆர்.5 என்றார்கள். அந்தக் காலத்துக் கணக்கில் 150 குதிரைத்திறன். அந்தக் காரின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கார்மன் என்ற ஜெர்மன் நிறுவனம் புது முகம் கொடுத்ததுதான் டி.ஆர்.6. உடுப்பு மாறியது, சுமை கூடியது, முளை நிற்கும் தகடு மட்டும் ஏறத்தாழப் பழையபடியே இருந்தது.

சுமை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அது புரியாமல் தகடு வெட்டுவது வீண். டிரில் மெஷினில் பிட் சுவரில் மாட்டிக்கொண்டால் மெஷின் நம் கையை எதிர்ப்பக்கம் முறுக்கும், தெரியும்தானே. டிஃப்ரன்ஷியலுக்கும் அதே கதைதான். சக்கரங்களை முன்னால் தள்ளும்போது டிஃப்ரன்ஷியலின் கூடு பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும், அதனால் அதன் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும்பும். இதோடு புரொப்பெல்லர் ஷாஃப்ட் தன் சுழலும் திசையில் அதைப் பக்கவாட்டில் சாய்க்கவும் பார்க்கும். மூக்கை எழுப்பும் விசையும் பக்கம் சாய்க்கும் விசையும் ஒன்றாகச் சேரும் இடம் வலது முன் முளை. காலை எடுத்தால் ரெண்டும் திசை மாறி அதே முளையைக் கீழே இழுக்கும். மேலே, கீழே, மேலே, கீழே என்று 50 வருடம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே மாதிரிதான். டி.ஆர்.6 வைத்திருப்பவர்களிடம் முளை பிடுங்கிக்கொண்டதா என்று கேட்டால் பாதிப் பேர் எந்தப் பக்கம் என்று கேட்காமலே வலது முன்பக்கத்தைக் கைகாட்டுவார்கள்.

என் காரில் இன்னொன்றும் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ இந்த இடத்தை ஏற்கெனவே 'பலப்படுத்தி' இருந்தார்கள். 6 மி.மீ. பட்டைத் தகட்டைக் கிண்ணத்தைச் சுற்றி மூன்று பக்கமும் வைத்து, கொழுத்த வெல்டிங் போட்டு, மேலே கறுப்புத் தார் பூசி விட்டிருந்தார்கள். தாரைச் சுரண்டியபோது எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. இவ்வளவு தடித்த தகடு இருக்கும்போது எப்படி உடையும் என்று நினைத்தேன்.

வேலையைக் காட்ட ஒருவரைக் கூட்டி வந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், லாரி டிரெய்லர் சேஸிகளுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறையில் 20 வருடமாக வேலை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தன் பட்டறையின் ரேம்ப்பைச் சனிக்கிழமைகளில் எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தவரும் அவர்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தகட்டை ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, இது தகடு காணாமல் வெடிச்சது இல்லை. தகடு கூடினதாலதான் வெடிச்சது."

'காணாமல்' என்றால் போதாமல். ஆனாலும் எனக்குப் புரியவில்லை. அவர் பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்தார். முதல் டப்பாவால் இடத்தைத் துடைத்தார். ரெண்டாவதிலிருந்து சிவப்புச் சாயத்தை அடித்தார். கால் மணி நேரம் தேநீர் குடித்தோம். பிறகு சாயத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை மெல்லிசாக அடித்தார். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாக இருந்தது. அப்புறம் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி வந்தது. தடித்த தகட்டின் நேர் விளிம்பை ஒட்டி, வெல்டிங் முடிகிற அந்தக் கோட்டிலேயே, குறுக்குச் சட்டத்தின் மெல்லிய தகட்டில் என் கட்டைவிரல் நீளத்துக்குப் போய்க் கடைசியில் கீழ்ப்பக்கம் வளைந்தது. தடித்த தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"பழஞ்சாரத்துக்குச் சாக்குத்துண்டு வைச்சுத் தைச்சால் சாக்கு நிற்கும், சாரம் தையலோரம் கிழியும். விளங்குதோ?"

சாரம் என்று அவர் சொல்வது லுங்கியை. விளங்கியது. 6 மி.மீ. தகடு வளையாது, பக்கத்தில் இருக்கும் 2 மி.மீ. வளையும். அதுவரை கிண்ணம், சட்டம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்ட வளைவு முழுவதும் இப்போது வெல்டிங்கின் விளிம்பில் ஒரே கோட்டில் வந்து குவிகிறது. அந்தக் கோடு ஏற்கெனவே வெல்டிங் சூட்டில் குணம் மாறிய இடம் வேறு. தகட்டின் முனை சட்டத்துக்குக் குறுக்கே நேராக முடிந்திருந்ததால் கிழிய வேண்டிய கோட்டையும் அதுவே வரைந்து கொடுத்துவிட்டது.

இதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலர் பலப்படுத்துவது என்றால் தடிமன் என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் வைக்கும் தகட்டுக்கு ஒரே வேலைதான்: ஒரு புள்ளியில் வந்து இறங்கும் சுமையை வாங்கி, அகலமாகப் பரப்பி, சேஸியிடம் பக்குவமாக ஒப்படைக்க வேண்டும். அதற்குத் தகடு தாய்த்தகட்டை விடக் கொஞ்சம்தான் தடிப்பாக இருக்க வேண்டும். அதன் நுனி எங்கே, எந்த வடிவத்தில் முடிகிறது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் பெட்ரோல் டேங்க். டி.ஆர்.6இல் டேங்க் இருப்பது சீட்டுகளுக்கும் டிக்கிக்கும் நடுவில், டிஃப்ரன்ஷியலுக்கு நேர் மேலே. வெல்டிங் வைக்கும் இடத்துக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் ஒரு தகடுதான். இன்ஜெக்ஷன் வண்டி என்பதால் டிக்கிக்குள் அதிக அழுத்தப் பம்ப் ஒன்றும் உண்டு, குழாய்களில் பெட்ரோல் தங்கியிருக்கும். டேங்க், பம்ப், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வைத்தோம். கார்பெட், சீட் எல்லாம் வெளியே. பேட்டரி ஒயரும் ஆல்டர்னேட்டர் ஒயரும் கழற்றியாயிற்று. முந்தைய சொந்தக்காரர் சேஸிக்குள் ஊற்றிய துருத்தடுப்பு மெழுகு தீப்பிடிக்கும், அதனால் ஈரத்துணியும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நான் காருக்குள் காவல். அண்ணன் வெல்டிங் வைக்கும் ஒவ்வொரு தடவையும் மேலே தகட்டில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டேங்கைக் கழற்றச் சோம்பல்பட்டு ஈரச்சாக்கு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பழைய 6 மி.மீ. தகட்டை எடுக்க மட்டும் ரெண்டு சனிக்கிழமை ஆனது. கிரைண்டர் ஒரு நூல் தவறினாலும் கீழே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். வெல்டிங் மேட்டைக் கரைத்து, கடைசி அரை மில்லிமீட்டரை அரத்தால் உரசி, உளி வைத்துத் தட்டி எடுத்தோம். விரிசலின் ரெண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டார் அண்ணன். கூரான நுனிதான் விரிசலை ஓட வைக்கிறது, நுனி வட்டமாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பிறகு விரிசல் முழுக்க 'வி' வடிவத்தில் பள்ளம் எடுத்து, வெல்டிங் நிரப்பி, மட்டமாகத் தேய்த்தார். தகடு அதற்கு மேல்தான். விரிசலைச் சரிசெய்யாமல் மேலே தகடு போட்டு மூடினால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

புதுத் தகடுகளுக்கு அட்டையில் அச்சு எடுப்பது என் வேலை. கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டைதான் இதற்குச் சரி, வளையும், மடித்தால் மடிப்பு நிற்கும். திறந்திருந்த பக்கத்தை மூடி முழுப் பெட்டியாக்க ஒன்று, கிண்ணத்தின் ரெண்டு கன்னத்துக்கும் ஒவ்வொன்று, கிண்ணத்துக்கு மேலே சட்டத்தை அணைத்தபடி ஒரு சேணம். முதல் மூன்று அட்டையும் வீண். நாலாவது போய் உட்கார்ந்தது. அதை 2.5 மி.மீ. தகட்டில் வெட்டி வைத்துப் பார்த்தால் ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது. அரத்தால் உரசு, வை, பார், மறுபடி உரசு. அண்ணன் இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்ப்பார். நகம் நுழைந்தால் தகடு திரும்ப என் கைக்கு வரும்.

சேணத்தின் ரெண்டு நுனியையும் அவர் மீன்வால் மாதிரி வெட்டினார். லாரி சேஸிகளில் அப்படித்தானாம். நுனி நேராக முடியாமல் படிப்படியாகக் குறுகிப் போனால், விறைப்பும் படிப்படியாகவே குறையும், குறுக்கே ஒரு கோட்டில் வந்து முட்டாது. குறுக்கு வெல்டிங்கும் வைக்கவில்லை, சட்டத்தின் நீளவாக்கில் மட்டும்.

அடுத்து முளை. பழைய முளையின் மரை தேய்ந்திருந்ததால் புதிது. வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கும், சுருங்கினால் முளை உள்பக்கம் சாயும், சாய்ந்தால் டிஃப்ரன்ஷியலை ஏற்றும்போது புஷ் கோணலாக உட்காரும். இதற்காகக் கழற்றும் முன்பே நாலு முளைக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமும் அளந்து குறித்து வைத்திருந்தோம். முன் முளை ரெண்டையும் சரியான இடைவெளியில் துளையிட்ட ஒரு கனமான பட்டையில் நட்டுப் போட்டு இறுக்கி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் டேக், அதாவது இடம் நகராமல் பிடிக்கும் பொட்டு வெல்டிங், வைத்தார். முழு வெல்டிங் ஒரே ஓட்டமாக இல்லை. ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம், கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு ஆறும் வரை காத்திருப்பு. ஒரு முளைக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. இடது முன்பக்கம் உடையவில்லை, ஆனாலும் அதற்கும் இதே வேலையைச் செய்தோம். ஒரு பக்கம் மட்டும் விறைப்பானால் ரெண்டு பக்கமும் சுமையைச் சரியாகப் பங்கு போட்டுக்கொள்ளாது.

பின்முளைகளில் சாயம் ஒன்றும் காட்டவில்லை. தொடவில்லை.

டிஃப்ரன்ஷியல் கீழே இருக்கும்போதே பின் சஸ்பென்ஷன் கைகள் சேஸியில் மாட்டும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்றார் அண்ணன். அந்தக் கைகளைப் பிடிக்கும் பிராக்கெட்டுகளில் ஒன்று, ரெண்டு, மூன்று என்று வெட்டுக்குறிகள் இருக்கும். எந்தக் குறி எங்கே, மேல் நோக்கியா கீழ் நோக்கியா என்பதை வைத்துச் சக்கரத்தின் சாய்வு மாறும். நடுவில் மெல்லிய ஷிம் தகடுகளும் இருக்கும், எண்ணி வையுங்கள். போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் நூல் கட்டிச் சீட்டு எழுதி வைத்தேன். பிராக்கெட்டின் போல்ட் பெட்டிச் சட்டத்தின் ஊடாகப் போகிறது. யாரோ பலத்தைக் காட்டி இறுக்கியதில் சட்டத்தின் ரெண்டு சுவரும் உள்பக்கம் குழிந்திருந்தன. குழிந்த சுவரில் எவ்வளவு இறுக்கினாலும் போல்ட் தளர்ந்துகொண்டேதான் இருக்கும், இறுகுவதாகத் தெரிவது தகடு மடங்குவது. குழியை நிமிர்த்தி, துளையைப் பெரிதாக்கி, சுவருக்குச் சுவர் கனமான குழாய்த்துண்டு வைத்து ரெண்டு முனையிலும் வெல்டிங் வைத்தோம். இனி போல்ட் இறுக்குவது குழாயை, சுவரை அல்ல. பார்த்தால் தெரியாத வேலை. இந்தக் காரில் செய்ததிலேயே எனக்கு அதிகம் பிடித்த வேலையும் இதுதான். அந்த இடத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன, அவற்றையும் குத்தித் திறந்தோம். இந்த சேஸி அங்கேதான் உள்ளிருந்து அழுகும். நம் தகடு எதுவும் அந்தத் துளைகளை மூடிவிடக் கூடாது.

ஷாக் அப்சார்பர் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காருக்குப் பின்னால் வருவது பழைய கை நெம்பு ஷாக். அதை எடுத்துவிட்டுக் குழாய் ஷாக் மாட்டப் பலர் பிராக்கெட் வைக்கிறார்கள். அந்த பிராக்கெட் பழைய ஷாக்கின் ரெண்டு போல்ட்டிலிருந்து வெளியே நீட்டி நின்று, அந்த இடம் பழகாத திசையில் நெம்புகிறது. பழைய ஷாக்கை எண்ணெய் மாற்றிப் புதுப்பித்து அதையே மாட்டினேன்.

முன்பக்கம் கீழ் விஷ்போன், அதாவது சக்கரத்தைத் தாங்கும் 'வி' வடிவக் கீழ்க் கை, மாட்டும் பிராக்கெட்டுகளும் இந்த வண்டிகளில் சட்டத்திலிருந்து பிய்ந்து வரும். அகல டயர், கடினமான ஸ்பிரிங், ஒரு நடைபாதை விளிம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். எங்களுடையதில் விரிசல் இல்லை. பிராக்கெட்டின் அடியிலிருந்து சட்டத்துக்குச் சின்னத் தாங்குதகடு ஒன்று ஒவ்வொரு பக்கமும் வைத்தோம், அரை நாள் வேலை. முந்தையவர் மாட்டியிருந்த 205 மி.மீ. அகல டயர்களை விற்றுவிட்டு, வண்டி பிறந்தபோது இருந்த 165-க்கே திரும்பினேன். டயர் எவ்வளவு கெட்டியாக ரோட்டைப் பிடிக்கிறதோ அவ்வளவு விசையும் வந்து சேர்வது இந்த மெல்லிய தகடுகளிடம்தான்.

துத்தநாக பிரைமர், பெயிண்ட், எல்லா வேலையும் முடிந்த பிறகு உள்ளே புது மெழுகு. டிஃப்ரன்ஷியலை ஜாக்கியில் ஏற்றியபோது நாலு முளையும் நாலு புஷ்ஷுக்குள் கையால் தள்ளியே போயின. "ஓம், இனிச் சரி" என்றார் அண்ணன். அவரிடமிருந்து வேறு பாராட்டு வராது.

மே மாதம் ஒரு ஞாயிறு காலை கெனில்வொர்த் சாலையில் எடுத்துப் போனோம். முதல் சிக்னலில் கிளட்ச்சை விட்டபோது ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ரெண்டாவதில் வேண்டுமென்றே காலைச் சட்டென்று எடுத்தேன். ஒன்றும் இல்லை. அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

1,000 மைல் ஓடிய பிறகு, செப்டம்பரில், மறுபடி ரேம்ப்பில் ஏற்றினோம். பெயிண்டை வலது முன் முளையைச் சுற்றி மட்டும் சுரண்டி எடுத்து, அண்ணன் அதே மூன்று டப்பாக்களை எடுத்தார். சிவப்பு அடித்து, தேநீர் குடித்து, துடைத்து, வெள்ளை அடித்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். மீன்வாலின் நுனியிலும், வெல்டிங் ஓரத்திலும், பழைய விரிசல் இருந்த இடத்திலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நான் பிரைமர் டப்பாவைத் திறந்தேன்.